எல்லைக்கல் குழியில் நான் கண்டது

எனக்கும் என் சகலைக்கும் ஒரே இடத்தில் வேலை. கோலாலம்பூரில் நிலம் அளக்கும் அலுவலகம். அவர் உள்ளே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் வெளியே அளவுச் சங்கிலியோடு நிற்பேன். அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட நான்கு வயது இளையவர், ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்துத் தேறியவர். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் தாளைப் புரட்டினால் எங்கள் பக்கம் கேட்கும்.

அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். வாயால் சொல்வதைவிட எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

அவருடைய வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தால் பொறாமை. சட்டைப் பையில் செருகிய பேனாவைப் பார்த்தால் பொறாமை. என் மாமியார் அவர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார், நான் வந்தால் “வாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். மனைவியின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது கூட, மூத்த மருமகன் நான் இருக்க, பெண் வீட்டார் அவரைப் பார்த்துத்தான் பேசினார்கள். அவர் ஒரு தடவையும் என்னை மட்டமாக நடத்தியதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. மட்டமாக நடத்தியிருந்தால் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார சர்வேயர் ஒருவர் பின்னால் பன்னிரண்டு வருஷம் சங்கிலி இழுத்தேன். காட்டை வெட்டிக் கோடு போடுவோம், சங்கிலியை நீட்டி அளப்போம், மூலைக்கு மூலை மூன்றடி குழி தோண்டி எல்லைக்கல் நடுவோம். குழி தோண்டுவது என் பொறுப்பு. ஒரு இடத்தின் பெயர் எனக்கு மறந்துபோகும், குழியில் என்ன வந்தது என்பது மறக்காது. கிள்ளான் பக்கம் தோண்டினால் கறுப்புச் சேறு, கடல் நாற்றம், சில சமயம் உயிரோடு நண்டு. ஜெஞ்சாரோம் பக்கம் மண்வெட்டியை வைத்தால் பஞ்சில் வைத்ததுபோல் உள்ளே போகும். பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கு வெட்டின களிமண், காலில் ஒட்டினால் குளித்தாலும் போகாது.

ஒவ்வொரு வேலைக்கும் சர்வேயர் ஒரு தனி அளவுப் புத்தகம் வைத்திருப்பார். முதல் பக்கத்தில் அந்த வேலைக்கு வந்த ஆட்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதுவார். பிறகுதான் சங்கிலியைத் தொடச் சொல்வார். அது அவர் வழக்கம். ஓரத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நேரே குழியில் கண்டதை எழுதுவார். ஆங்கிலம் எனக்குப் பேச வராது. ஆனால் பன்னிரண்டு வருஷம் காதில் விழுந்ததால் பாதி புரியும்.

ஜப்பான்காரர்கள் வந்தபின் சர்வேயரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அலுவலகம் மட்டும் அப்படியே நடந்தது. காலையில் எல்லோரும் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட வேண்டும், வாரத்தில் மூன்று நாள் ஜப்பான் மொழிப் பாடம். ஆனால் அலமாரி நிறைய இருந்த பதிவேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. புதிதாக வந்த ஜப்பான் அதிகாரி புத்தகத்தில் ஆங்கிலம் படித்தவர். அவருக்கு ஒரு தொல்லை. லேண்ட், கிரவுண்ட், சாயில், எர்த் என்று பதிவேட்டில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு சொல் இருக்கிறது, அவருடைய அகராதியோ எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறது. எதற்கு எது என்று பிரித்து எழுதிக் கொடு என்று என் சகலையிடம் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை தாளும் பென்சிலுமாக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தேறியவர்தான், ஆனால் வெளியிடத்துக்குப் போய் வேலை செய்ததில்லை. “எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு, எழுதப் போனா எல்லாம் ஒண்ணாத் தெரியுது அண்ணே. வெள்ளைக்காரன் எப்ப எதைச் சொல்லுவான்?” என்று கேட்டார்.

என்னிடம் ஆங்கிலம் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் மனைவி முறத்தில் புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் தானாக வந்தது.

லேண்ட் என்று சொல்லும்போது சர்வேயர் காலடியைப் பார்க்கவே மாட்டார், வரைபடத்தைத்தான் பார்ப்பார் என்றேன். நம்பர் இருக்க வேண்டும், யாருடையது என்று இருக்க வேண்டும், அப்போதுதான் லேண்ட். அளவுக் கருவிக்கு முக்காலியை நிறுத்தும்போது கிரவுண்ட் என்பார், கால் புதையுமா நிற்குமா என்பதுதான் அதில் பேச்சு. குழியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தால் சாயில். அதில் ஏதாவது விளையுமா என்று கேட்கிற சொல் அது, தோட்டத்துத் துரைமார் கூட வந்தால் அந்தச் சொல்தான் அதிகம் வரும். அதையே கூடையில் அள்ளி வரப்புக்குக் கொட்டச் சொன்னால் எர்த். இத்தனை கூடை எர்த் என்பார், இத்தனை கூடை சாயில் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நடுக்காட்டில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நின்றாலும் பீல்டில் இருக்கிறோம் என்பார், அங்கே வயலும் இருக்காது ஒன்றும் இருக்காது.

சகலை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “மாமா, நமக்கு எல்லாம் மண்ணுதானே, இதுக்கா இவ்வளவு நேரம்?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்த மதியத்தில் எனக்கு அவர் மேல் பொறாமையே இல்லை. அப்படி ஒரு மதியம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் நெடுநாள் இல்லை.

மறுநாள் அதிகாரியின் அறை வாசலில் சங்கிலியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சகலை நின்றுகொண்டு அதிகாரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முக்காலியின் கால், விரலில் தேய்ப்பது, கூடை, அட்டை, எல்லாம் ஒன்று விடாமல். ஆங்கிலத்தில் அது என்னுடையதைவிட அழகாக இருந்தது. அதிகாரி தலையாட்டித் தலையாட்டி எழுதினார். கடைசியில், எங்கே இதையெல்லாம் தெரிந்துகொண்டாய் என்று கேட்டார். இப்போது என் பக்கம் கையை நீட்டுவார் என்று நினைத்துத் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். சகலை, சர்வேயர்களோடு பழகியதில் தெரிந்துகொண்டேன் என்றார். அதிகாரி அவருக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். நான் மறுபடியும் உட்கார்ந்து துணியை எடுத்துக்கொண்டேன்.

அரிசிப் பங்கு குறைந்துகொண்டே வந்த காலம் அது. அவரவர் சாப்பாட்டை அவரவரே பயிரிட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து தண்டவாளத்து ஓரமாக ஒரு துண்டு இருந்தது. அதற்கு நம்பரும் இல்லை, வரைபடமும் இல்லை. ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகை இருந்த இடம், சாணம் ஊறிய மண். அதனால்தான் அதைப் பிடித்தேன். ஆளுக்குப் பாதி மரவள்ளி போட்டிருந்தோம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் போதவில்லை. சகலையின் மகளுக்கு இரண்டு வயது, கால்கள் குச்சியாக இருந்தன.

அந்த வாரமே அதிகாரி சகலையைக் கூப்பிட்டு, அரசாங்க இடத்தில் பிடித்ததை ஒன்று எடுத்துப் பயிர் செய்துகொள் என்று சொல்லிவிட்டார். மற்ற குமாஸ்தாக்கள் தங்களுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், இவருக்கு மட்டும் பொறுக்கி எடுக்கலாம். என் சொற்களுக்குக் கிடைத்த பரிசு அது. அவர் பெரிய மேசையில் வரைபடங்களை விரித்துப் போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

அவர் விரலை வைத்திருந்த லாட், நம்பர் போட்ட நிலத்துண்டு, சுங்கை வே பக்கம் இருந்தது. வரைபடத்தில் அதைவிட நல்ல லாட் கிடையாது. நாலு மூலையும் நேராக இருந்தது, மேடு பள்ளமில்லை, ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் சாலை.

“அண்ணே, நீங்க இந்தப் பக்கம் போயிருக்கீங்களா? இடம் எப்படி?”

போயிருந்தேன். நாலு மூலைக்கும் நானே குழி தோண்டியிருந்தேன். ஈயச் சுரங்கத்துக்காரர்கள் மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்துவிட்டுப் போட்ட இடம் அது. மேலே ஓடை வெள்ளத்தில் படிந்த கறுப்பு ஒரு சாண், அதற்குக் கீழே மூன்றடிக்கும் வெறும் வெள்ளை மணல். அன்று சர்வேயர் அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது கூட நினைவிருந்தது.

அவர் மேசைமேல் அந்தச் சொல் பட்டியல் மடித்தபடி கிடந்தது. அதைப் பார்த்தேன்.

“அந்தப் பக்கம் நான் போனதில்ல தம்பி. படத்துல நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

எனக்குப் பேச்சு வராது என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பொய் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இனி வேலை போக மிச்ச நேரமெல்லாம் லாட்டிலேயே போடப் போவதால் தண்டவாளத்து ஓரத்தில் தன் பாதியையும் நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். “உங்களுக்குத்தான் பிள்ளைங்க மூணு பேரு. இங்க இருக்கிற மரவள்ளிக் குச்சியில பாதி மட்டும் வெட்டிக்கிறேன், நடுறதுக்கு.” என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போனபின், இந்த மனசு யாருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. குற்ற உணர்ச்சி என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில், இதிலும் அவர்தான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார் என்பதுதான் என் வயிற்றில் நின்றது.

அவர் வேலை முடிந்து தினமும் சைக்கிளில் போனார். டயர் கிடைக்காமல் ரப்பர் தண்ணீர்க் குழாயைச் சக்கரத்தில் கட்டி ஓட்டிய சைக்கிள். லாலாங் புல்லைத் தனி ஆளாக வெட்டினார். வெள்ளைக் கால்சட்டை போய், அரைக்கால்சட்டை வந்தது, கையெல்லாம் கொப்புளம். அவர் மனைவி குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அவரோடு போவாள். குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கும்.

ஒரு மாதம் கழித்து அவர் குச்சிகள் எல்லாம் துளிர்த்துவிட்டன என்று வந்து சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. விடுமுறை நாளில் நானும் பார்க்க வருகிறேன் என்று கூடப் போனேன். உண்மைதான், வரிசை வரிசையாக முழங்கால் உயரத்துக்குப் பச்சை. என் துண்டில் இருந்ததைவிடச் செழிப்பு. “எப்படி அண்ணே?” என்று கேட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார். நல்லா வந்திருக்கு என்றேன். திரும்பும் வழியெல்லாம் என் குழி பொய் சொல்லிவிட்டதா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நான் சொன்ன பொய்யால் அவருக்குக் கெடுதல் வந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டியவன், கெடுதல் வராமல் போய்விட்டதே என்று வருந்திக்கொண்டு வந்தேன். அதை இங்கே எழுதாவிட்டால் இதை எழுதியே பயனில்லை.

பிறகு மழை இல்லாத ஆறு வாரம் வந்தது. வேர் ஒரு சாண் கறுப்பைத் தாண்டி மணலுக்குள் இறங்கியது. இலைகள் கீழிருந்து மஞ்சளாகி மேலே ஏறின. அவர் ஓடையிலிருந்து வாளி வாளியாக ஊற்றினார். மணல் குடித்துக்கொண்டே இருந்தது. பத்தாம் மாதம் பிடுங்கியபோது கிழங்கு எலி வால் போல இருந்தது. ஒரு சாக்கு கூட நிறையவில்லை. அதை அவர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வழக்கமாக மணி அடிப்பவர், அன்று அடிக்கவில்லை.

அதற்குள் எங்கள் தண்டவாளத்து ஓரத்தில் கிழங்கு கை தாங்காத கனம். என் மனைவி பாத்திரத்தில் மூடித் தன் தங்கைக்குக் கொடுத்து வந்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன், அவளும் நான் பார்க்காததுபோல நடந்துகொண்டாள். ஆனாலும் குழந்தைக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஒரு நாள் அது என் மடியில் இருந்தபோது நானும் அழுத்திப் பார்த்தேன். எத்தனையோ குழி பார்த்தவன், அந்தக் குழியைப் பார்க்க முடியவில்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷ ஆரம்பத்தில் அதிகாரி பழைய அளவுப் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பட்டியல் போடச் சொன்னார். அந்த வேலையும் சகலைக்குத்தான் வந்தது. மூன்றாம் நாள் மதியம் நான் பின்பக்கக் கொட்டகையில் சங்கிலிக் கண்ணிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு புத்தகத்தோடு வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் பலகையில் வைத்தார்.

“சுங்கை வே புத்தகம். இதுல உங்க பேரு இருக்கு அண்ணே.”

பார்த்தேன். என் பெயரை ஆங்கிலத்தில் படிக்க மட்டும் எனக்குத் தெரியும்.

“நாலு மூலையும் நீங்கதான் தோண்டுனீங்களா?”

“ஆமா.”

“கீழ என்ன வந்துச்சு?”

“மணல்.”

அவர் பக்கத்தைப் புரட்டி ஓரத்தில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். “நோ சாயில்னு எழுதியிருக்கான். நாலு கல்லுக்கும் நாலு தடவை எழுதியிருக்கான். வித்தியாசத்தை ஜப்பான்காரனுக்கு நான் பாடம் நடத்தினேன், நான் எடுத்தது வெறும் லேண்ட்.” சிரித்தாரா என்று தெரியவில்லை, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு, “அன்னைக்கு அதிகாரி கேட்டப்ப நான் உங்க பேரைச் சொல்லல. நீங்க வாசல்ல எந்திரிச்சு நின்னதப் பாத்தேன். பாத்தும் சொல்லல,” என்றார். புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். “அக்காகிட்டயும் என் வீட்டுக்காரிகிட்டயும் இது போகாது.”

போய்விட்டார். அவர் சொன்னதுபோலவே அது அவர்களிடம் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு சங்கிலியைப் பிடித்திருந்தேன். வெட்கம் இருந்தது. ஆனால் அதற்குள்ளும் பழைய பூச்சி அரித்தது. ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கும் அவருக்குத்தான் வார்த்தை வருகிறது. நான் “ஆமா”, “மணல்” என்று இரண்டு சொல் சொன்னதோடு சரி.

அன்று வேலை முடிந்ததும் அலுவலகச் சங்கிலியை யாருக்கும் தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்து ஓரத்துக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. மகனை ஒரு முனையில் நிற்க வைத்துத் துண்டை நீள வாக்கில் அளந்தேன். மாட்டுக் கொட்டகை இருந்த இடம் ஒரு கோடியில் இருந்தது. குறுக்கே பிரித்தால் அது முழுக்க ஒருவருக்குப் போய்விடும். அதனால் நீளமாக, கொட்டகை நடுவே கோடு வருகிற மாதிரி முளை அடித்தேன். சரிபாதி. நின்றிருந்த செடிகளும் அதோடு. ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். பன்னிரண்டு மாதம் அவருடைய பாதியை நான் தின்றிருக்கிறேன். ஆனால் கை அதற்கு மேல் நகரவில்லை. அளந்து கொடுக்கத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சகலை வீட்டு வாசலுக்குப் போனேன். நானாக அந்த வாசலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி, “வாங்க மாமா, என்ன அதிசயமா?” என்றாள். குழந்தை கீழே உட்கார்ந்திருந்தது.

“ஓரத்துத் துண்டுல பாதி உங்களுது தம்பி. முளை அடிச்சிருக்கேன். நாளைக்கே பிடுங்கிக்கலாம், கிழங்கு முத்திருச்சு,” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். “சரி அண்ணே,” என்றார். இன்னும் ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கும் பொறாமைப்பட்டிருப்பேன்.

குழந்தையின் கால் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. சாப்பாட்டால் வடிந்ததா, தானாக வடிந்ததா, எனக்குத் தெரியாது. இரண்டு வீடும் அதற்குப் பிறகு அந்தத் துண்டிலேயே பயிர் செய்தோம். ஜப்பான்காரர்கள் போகும் வரைக்கும் முளைகள் அப்படியே இருந்தன.

அந்த வருஷக் கடைசியில் புதிதாக நட்டதைப் பிடுங்கினோம். ஒரே இடம், ஒரே குச்சி, நடுவில் என் கோடு. அவர்கள் பாதியில்தான் கிழங்கு பெருத்திருந்தது. அவர் மனைவி அடுப்புச் சாம்பலைத் தினமும் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள், நாங்கள் போடவில்லை. சகலை தன் பாதியிலேயே பெரியதாக இரண்டு எடுத்து, களிமண் ஒட்டியபடி எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

“நல்ல சாயில் அண்ணே,” என்றார்.

என் மனைவி அதை அவித்துத் தேங்காய் துருவிப் போட்டாள். எங்களுடையதைவிட மாவாக இருந்தது. எப்படி இருக்கு என்று கேட்டாள். எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.